எட்டுப் பேர், ஒரு மலை, ஒரு பகல்: எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குவது?

நண்பர்கள் சேர்ந்து ஒருநாள் மலையேறப் போகலாம் என்று பேச்சு வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழுவது உச்சியின் படம். அதைப் பார்த்ததுமே மலை முடிவாகிவிடும், தேதியும் முடிவாகிவிடும், நல்ல கேமரா யாரிடம் இருக்கிறது என்பது வரை பேசியாகிவிடும். எந்தப் பாதையில் ஏறுவது, எதில் இறங்குவது, எல்லோரும் ஒன்றாகவே போவதா, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்ற கேள்விகள் மட்டும் 'அங்க போய்ப் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போகும். அங்கே போன பிறகு மாற்ற முடியாதவை இவைதான்.

பேச்சுக்கு ஒரு கூட்டத்தை வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர். இரண்டு பேர் தினமும் ஓடுகிறவர்கள். நான்கு பேர் சுமாராக நடப்பார்கள். ஒருவருக்கு முட்டியில் பழைய தொந்தரவு. இன்னொருவர் மலைப்பாதையில் கால் வைத்ததே இல்லை, படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறார். நண்பர் கூட்டம் என்றால் பெரும்பாலும் இப்படிக் கலவையாகத்தான் இருக்கும். மலை, அடிவாரத்திலிருந்து உச்சி வரை 900 மீட்டர் ஏற்றம். பனி கிடையாது, கயிறு கட்டி ஏற வேண்டியதில்லை. இவர்களுக்கு எது சரி என்று பார்க்கலாம்.

செங்குத்துப் பாதையா, சுற்றிப் போகும் பாதையா

இந்த மலைக்கு இரண்டு பாதைகள் என்று வையுங்கள். ஒன்று நேராக மேலே ஏறுவது: போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டர். இன்னொன்று வளைந்து வளைந்து போவது: போக 6, வர 6. தூரத்தை மட்டும் பார்த்தால் முதல் பாதையில் பாதி நேரம் மிச்சம் என்று தோன்றும். கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வராது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் நடை, அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பிற்பாடு எரிக் லாங்மூர் என்பவர் இறக்கத்துக்கும் ஒரு திருத்தம் சேர்த்தார். மிதமான சரிவில் இறங்கினால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கழிக்க வேண்டும். 12 டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவென்றால் அதே 10 நிமிடத்தைக் கூட்ட வேண்டும்.

நம் மலைக்கு இதைப் பொருத்துவோம். நீளமான பாதைக்கு, 12 கிலோமீட்டர் நடக்க 2 மணி 24 நிமிடம், 900 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம், சாய்வான இறக்கத்துக்கு அரை மணி கழிவு. மொத்தம் 3 மணி 24 நிமிடம். செங்குத்துப் பாதைக்கு, 6 கிலோமீட்டருக்கு 1 மணி 12 நிமிடம், ஏற்றத்துக்கு அதே ஒன்றரை மணி, இறக்கத்துக்கு அரை மணி கூடுதல். மொத்தம் 3 மணி 12 நிமிடம். தூரம் பாதிதான், நேரத்தில் மிச்சம் வெறும் 12 நிமிடம்.

இது நன்றாக நடப்பவர்கள் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். நம் எட்டுப் பேருக்கு இதை ஒன்றரையால் பெருக்கி, உச்சியில் உட்கார்ந்து சாப்பிட, படம் எடுக்க ஒரு மணி நேரம், வழியில் தண்ணீர் குடிக்க, ஷூவுக்குள் போன கல்லை எடுக்க, அடியில் குத்திய முள்ளைப் பார்க்க என்று இன்னொரு மணி நேரம் சேர்த்தால் நீளமான பாதைக்கு ஏழு மணி நேரம் வரும். இந்த ஏழு மணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த 12 நிமிடத்துக்காகச் செங்குத்துப் பாதையை எடுத்தால் விலை கொடுக்கப்போவது முட்டியும் தொடையும். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சுருங்கி வேலை செய்வதைவிட இப்படி நீளும்போது தசை நார்கள் அதிகம் அடிபடும். அதனால்தான் மறுநாள், அதற்கு மறுநாள் வீட்டுப் படி இறங்கக் கைப்பிடியைத் தேடுகிறோம். பழக்கம் இல்லாதவருக்கு இறக்கத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் கால் தந்தியடிக்க ஆரம்பிக்கும். கால் நடுங்கும்போது சரளைக்கல்லில் வைக்கும் அடி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

கால்விரலும் பாடுபடும். செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னால் சரிந்து பெருவிரல் நகம் முனையில் இடிக்கும். ஒரு மணி நேரம் இப்படி இடித்தால் நகம் கறுத்துவிடும். உச்சியில் உட்காரும்போது ஷூ கயிற்றை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் பாதி தொல்லை குறையும். நகத்தை முந்தைய நாளே ஒட்ட வெட்டிவிட வேண்டும்.

ஆகவே கலவையான கூட்டத்துக்கு நீளமான பாதைதான். எட்டுப் பேரும் தினமும் ஓடுகிறவர்கள் என்றால் செங்குத்தில் போகட்டும். முதல் நாள் மழை பெய்திருந்தால் அவர்களுக்கும் வேண்டாம்.

போன வழியே திரும்புவதா, வட்டமடிப்பதா, மறுபக்கம் இறங்குவதா

என் பார்வையில் அன்றைய நாளைத் தீர்மானிக்கும் கேள்வி இதுதான். மற்றவை இதற்குப் பிறகுதான்.

வட்டப் பாதைக்குத்தான் எப்போதும் ஓட்டு விழும். 'பாத்ததையே திரும்பப் பாக்கணுமா?' என்று ஒருவர் கேட்டால் போதும், மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. செங்குத்தில் ஏறி, சாய்வான பாதையில் இறங்கலாம் என்பது வட்டத்தில் மட்டுமே கிடைக்கும் வசதி. நுரையீரலுக்கு வேலை கொடுத்து முட்டியைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. எதிரே ஏறி வருகிறவர்களுக்கு ஒதுங்கி நின்றுகொண்டே இருக்க வேண்டியதுமில்லை.

மறுபக்கம் இறங்கும் பயணத்தின் கவர்ச்சி வேறு மாதிரி. ஒரு மலையைக் கடந்தோம் என்ற திருப்தி. ஆனால் ஒருநாள் பயணத்தில் அதன் செலவைப் பாருங்கள். இரண்டு கார் வேண்டும். காலையில் ஒன்றை மறுபக்கம் விட்டுவிட்டு வர வேண்டும். மலையைச் சுற்றிப்போகும் சாலை எப்போதுமே நினைப்பதைவிட நீளமாக இருக்கும். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று விடியற்காலை நேரம், அதாவது நாளின் மிக நல்ல நடை நேரம், கார் சீட்டில் கழியும். இதெல்லாம் போகட்டும். முட்டிக்காரர் பாதியில் 'என்னால முடியல' என்றால் அவர் திரும்பி இறங்குவது ஒரு பக்கம், மற்றவர்கள் இறங்குவது மறுபக்கம். அன்று மாலை கூட்டம் மலையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு சிக்னல் கிடைக்கிறதா என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

வட்டத்தின் சிக்கல் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. முதல் பாதி வரை எந்த வித்தியாசமும் இல்லை. முடியவில்லை என்றால் வந்த வழியே திரும்பலாம். பாதியைத் தாண்டிய கணத்திலிருந்து திரும்பிப் போவதும் முன்னால் போவதும் ஒரே தூரம், அப்புறம் முன்னால் போவதே குறைவு. அதனால் எல்லோரும் முன்னாலேயே போவார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கலாம், மரம் விழுந்து பாதை மறைந்திருக்கலாம், பாறையில் கைவைத்து இறங்க வேண்டிய இடம் இருக்கலாம். களைத்துப்போன கூட்டம், பார்த்தே இராத நிலத்தை, நாளின் கடைசி வெளிச்சத்தில் கடக்கிறது. வட்டம் என்றாலே இந்த மூன்றும் சேர்ந்துதான் வரும்.

போன வழியே திரும்பும்போது இவற்றில் களைப்பு மட்டும்தான் மிச்சம். காலையில் எந்த இடத்தில் வழுக்கியது, எந்தக் கிளைப்பாதையில் இடப்பக்கம் திரும்பினோம், எங்கே நிழல், எங்கே தண்ணீர் என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். ஏறும்போது பார்த்த நேரத்தை வைத்து இறங்கும் நேரத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம். இன்னொரு சின்ன வசதியும் உண்டு. இறக்கத்துக்கான தண்ணீரில் ஒரு பகுதியைப் பாதி வழியில் ஒரு பாறை இடுக்கில் வைத்துவிட்டுப் போகலாம், ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, அதைத் தூக்கிக்கொண்டு உச்சிக்குப் போக வேண்டாம். மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

எல்லாவற்றையும்விட, எந்த இடத்திலும் நிறுத்திக்கொள்ளலாம். 900 மீட்டரில் 600 ஏறியபின் ஒரு நல்ல பாறை மேடு கிடைத்தால் இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுக் கதை பேசிக்கொண்டிருக்கலாம், மற்றவர்கள் உச்சிக்குப் போய்விட்டு அதே வழியாக வந்து அழைத்துக்கொள்ளலாம். யாரும் யாருக்காகவும் எதையும் இழக்கவில்லை. தனியாக ஒருவரை மட்டும் விட்டுவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். மலைக்குப் புதியவர் கூட்டத்தில் இருந்தால் இந்த வசதி ஒன்றுக்காகவே நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

பாதியில் திரும்புவது கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் இயான் மெக்கமன் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004-இல் எழுதியவற்றில், விபரம் தெரிந்தவர்களே சிக்கிக்கொள்ளும் மனப்போக்குகளைப் பட்டியலிட்டார். எடுத்த முடிவை விடக்கூடாது என்ற பிடிவாதம் அதில் ஒன்று. 'அவனுக்குத் தெரியும்' என்று கூட்டத்தில் ஒருவரை நம்பிப் பின்னால் போவது இன்னொன்று. நம் மலையில் பனி கிடையாது, மனசு அதே மனசுதான். பாதை எந்த இடத்திலும் திரும்ப இடம் கொடுத்தால் அந்தப் பிடிவாதத்தை உடைக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு இருக்கும்.

வட்டமே வேண்டும் என்று கூட்டம் நின்றால்? முழு வட்டத்தையும் அண்மையில் நடந்தவர் ஒருவர் கூட வந்தால் சரி. நடுவில் இறங்கித் தப்பிக்க ஒரு கிளைப்பாதையாவது இருந்தால் இன்னும் சரி. எந்தத் திசையில் சுற்றுவது என்பதையும் யோசிக்க வேண்டும். கடினமான பகுதி முதல் பாதியில் வரும்படி சுற்றுங்கள். பாறையில் ஏறும்போது அடுத்த அடி எங்கே என்று கண்ணுக்கு நேரே தெரியும், இறங்கும்போது சொந்த வயிறே மறைக்கும்.

ஒன்றாகவா, பிரிந்தா

எட்டுப் பேரும் சேர்ந்தே நடப்போம் என்று சொல்வது சுலபம். அரை மணி நேரத்தில் வரிசை ஆர்மோனியப் பெட்டி மாதிரி விரியும், சுருங்கும். முன்னால் போகிற இருவர் ஒரு திருப்பத்தில் நின்று பத்து நிமிடம் உட்கார்வார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேரும்போது அவர்கள் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, 'வந்தாச்சா, போலாமா?' என்பார்கள். ஓய்வு தேவையில்லாதவர்களுக்குப் பத்து நிமிடம் ஓய்வு, தேவைப்பட்டவருக்கு அரை நிமிடம். நாள் முழுக்க இது நடந்தால் அந்தக் கடைசி ஆள் அடுத்த முறை வரமாட்டார்.

இதற்கு வழி, மெதுவாக நடப்பவரை முதலிலிருந்து இரண்டாவது ஆளாக வைப்பது. முன்னால் போகிறவர் பின்னால் கேட்கும் மூச்சுச் சத்தத்தை வைத்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார். ஓட்டக்காரர்களில் ஒருவர் கடைசியில். அவர் பின்னால் யாரும் இல்லை என்பது உறுதி. கிளைப்பாதை வரும் இடத்திலெல்லாம் எட்டுத் தலை எண்ணிவிட்டுத்தான் நகர வேண்டும். ஓய்வு நேரம் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு ஆரம்பிக்கும் என்று முதலிலேயே பேசிக்கொண்டால் பாதி மனஸ்தாபம் வராது.

நாலும் நாலுமாகப் பிரிவது இன்னொரு வழி. வேகத்துக்குத் தக்கபடி நடக்கலாம், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பிரிந்த நிமிடத்திலிருந்து அவை இரண்டு தனித்தனிப் பயணங்கள். வரைபடம் இரண்டு, முதலுதவிப் பை இரண்டு, டார்ச் ஒவ்வொருவருக்கும். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஒருவர் போனில் மட்டும் இருந்தால் போதாது. நாலு பேருக்குக் குறையாமல் பிரிவது நல்லது. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு உட்கார, இருவர் உதவிக்குப் போகலாம். அப்புறம் கார் சாவி. வேகமாக நடந்த நால்வர் மூன்று மணிக்கே அடிவாரத்தில் நிற்பார்கள், சாவி மலைமேல் இன்னொருவர் பையில் இருக்கும், மாற்றுத் துணி காருக்குள் இருக்கும், வேர்வை குளிர ஆரம்பித்திருக்கும்.

விசில் இரண்டு குழுவிடமும் இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. இது ஆல்ப்ஸ் பகுதியில் தொடங்கிய ஆபத்து அறிவிப்பு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் தருவார். தொண்டையால் கத்துவதைவிட விசில் சத்தம் தூரம் போகும், ஊதுகிறவருக்கும் களைக்காது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது ஏற்பாடு. மெதுவாக நடப்பவர்கள் முன்கூட்டியே கிளம்புவது. ஒருவழி 6 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் என்றால் நெய்ஸ்மித் கணக்கில் 2 மணி 42 நிமிடம். ஒன்றரை மடங்கு நேரம் எடுப்பவருக்கு நான்கு மணிக்கும் கொஞ்சம் மேல். ஆக ஒரு மணி இருபது நிமிடம் முன்னால் கிளம்பினால் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உச்சியில் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் முன்னால் போனவர்களைத் தாண்டாமல் போக முடியாது, எனவே யாரும் தொலையவும் மாட்டார்கள். முன்குழுவில் வழி தெரிந்தவர் ஒருவர் வேண்டும். பாதையில் குழப்பமான கிளைகள் இருந்தால் இது வேண்டாம், ஒன்றாகவே போங்கள்.

விடியுமுன்பா, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகா

இதில் யோசிக்க அதிகம் இல்லை. ஏழு மணி நேரப் பயணம். ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்தால் ஒரு மணிக்குக் கீழே இருக்கலாம். ஒன்பதுக்கு என்றால் நாலு மணி. நண்பர் கூட்டத்தில் ஒன்பது என்றால் ஒன்பதே முக்கால், எனவே ஐந்தை நெருங்கும். அதன்பின் ஒரு கணுக்கால் பிசகினால் இருட்டு. பள்ளத்தாக்கில் சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடுவதால் பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமன நேரத்துக்கு முன்பே வெளிச்சம் மங்கிவிடும்.

வெயில் காலத்தில் இன்னொரு காரணமும் சேரும். காலை வெயிலில் சரிவுகள் சூடாகி, ஈரக்காற்று மலையோரமாக மேலெழும்பி, பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். மின்னல் வரும்போது இருக்கக்கூடாத இடம் உச்சியும் முகடும். மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள். 30 வினாடிக்குள் இடிச்சத்தம் கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

குளிருக்கும் சேர்த்தே தயாராக வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். நம் உச்சியில் ஆறு டிகிரி குறைவு, அதோடு காற்று. வேர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு அங்கே உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பல் கிட்டும். சீக்கிரம் காயும் துணியும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டையும் போதும்.

வழிகாட்டியோடா, நாமேயா

வழிகாட்டி கட்டாயம் என்று சட்டம் இருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியே எழாது. மற்ற இடங்களில், பாதை தெளிவாக, அடையாளப் பலகைகளோடு, ஆள் நடமாட்டத்தோடு இருந்தால் தாமே போகலாம். அடர்ந்த காடு, விலங்கு நடமாட்டம், மூடுபனி அடிக்கடி வரும் இடம் என்றால் உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்வதில் யோசிக்கவே வேண்டாம்.

வழி காட்டுவதைத் தவிர அவரால் இன்னொரு லாபம் உண்டு. 'போதும், திரும்பலாம்' என்று நண்பர்களுக்குள் ஒருவர் சொல்ல நா எழாது. சொன்னவர் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுவார், அடுத்த ஒரு வருடத்துக்கு அதையே சொல்லிக் கிண்டல் நடக்கும். வெளியாள் சொன்னால் எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள், கோபம் வந்தாலும் அவர் மேல் வரும். அதனால் அவரிடம் பேசும்போதே திரும்பும் நேரத்தையும் பேசிவிடுங்கள். ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொன்று வரை ஏறுவது, எங்கே இருந்தாலும் அப்போது திரும்புவது, யார் கெஞ்சினாலும் அவர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று.

வழிகாட்டி இல்லாமல் போகிறீர்கள் என்றால் கடிகாரத்தைப் பார்க்கும் பொறுப்பை ஓட்டக்காரர்கள் இருவரிடமும் கொடுக்காதீர்கள். உச்சியில் ஆசை குறைவாக உள்ள ஒருவரிடம் கொடுத்து, அவர் போனில் பத்தே முக்காலுக்கு ஓர் அலாரம், பதினொன்றுக்கு ஓர் அலாரம் வைக்கச் சொல்லுங்கள். சத்தம் முழுதாக இருக்கட்டும்.